மூடுவதற்கு முன் அடித்த மணி

ரயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ராஜபாளையத்தில் இறங்குவது மட்டும்தான். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலையில் பாசஞ்சர், சாயங்காலம் பஸ். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தால் ஆட்களைக் கொல்லுவேன். மாத நாவலில்தான். இரண்டு நாவல் வெளிவந்திருந்தது, இரண்டும் ஓர் ஆண் பெயரில். பொம்பிளைப் பெயர் போட்டால் குடும்பக் கதை என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்களாம். மெட்ராஸிலிருந்து பதிப்பாளர் அப்படித்தான் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்தப் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது நாவலுக்கு அவரே யோசனை சொல்லிக் கடிதம் போட்டார். விக்டோரியா ராணி காலம், ரயில், கொலை, துப்பறிகிறவர் நம்ம ஊர்க்காரர். மூன்று மாதத்தில் வேண்டும். ராணியை எனக்குப் பழைய நாணயத்தில் தெரியும். அதற்கு மேல் தெரியாது. லைப்ரரியில் தேடினேன். ரயில்வே என்று இருந்த ஒரே புத்தகம் கால அட்டவணை, அதுவும் மூன்று வருடம் பழையது.

அப்போதுதான் அத்தான் ஞாபகம் வந்தது. அக்காவின் கணவர் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில், வயல்களுக்கு மத்தியில் இருந்த ஒரு ரயில்வே கேட்டில் கேட்மேன். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அவரும் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், அக்கா கட்டிக்கொடுக்கிற தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நான் கேட்டுக்குப் போவேன். அவர் சாப்பிடுகிற நேரத்தில் நான் கேள்வி கேட்பேன்.

முதல் நாளே என் கதை கவிழ்ந்தது. ராணி காலத்து ரயில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் வந்து நிற்கிற மாதிரி முதல் அத்தியாயம் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். அத்தானுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஏட்டி, ராணி செத்து எம்புட்டோ வருசம் கழிச்சுல்லா இங்க தண்டவாளமே போட்டாவ. அந்தம்மா காலத்துல இந்தப் பக்கம் மாட்டு வண்டிதான்."

கதையைத் தூக்கி மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற பாதையில் வைத்தேன். அங்கே ராணி காலத்திலேயே ரயில் ஓடியது என்றார். அத்தான் நாலு எழுத்து படித்தவர். ரயில்வே என்றால் அவருக்கு அப்படி ஒரு பெருமை. கைவிளக்கின் சிவப்புக் கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவார். தண்டவாளத்தில் வைத்தால் வெடித்து டிரைவரை எச்சரிக்கிற வெடிகள் ஒரு டப்பாவில் இருக்கும், அதைத் தொடவிட மாட்டார். பச்சைக் கொடியை எப்படிச் சுருட்டுவது என்பதற்கே ஒரு சாயங்காலம் போயிற்று. நான் எல்லாவற்றையும் கம்பெனி ஷார்ட்ஹேண்ட் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். ரயிலை வைத்து ஒருவனைக் கொல்ல வேண்டும், அது விபத்து மாதிரி இருக்க வேண்டும். எப்படி முடியும்? இதை நான் கேட்டபோது அத்தான் சட்டியிலிருந்த கருவாட்டுக் குழம்பை வழித்துக்கொண்டிருந்தார். வழித்து முடித்துக் கையைக் கழுவினார்.

பிறகு சொன்னார். வண்டி கிளம்புமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்வார். கேட்மேன் கேட்டை மூட வேண்டும். மூடிப் பூட்டிய பிறகு, தன்னிடம் இருக்கிற தாளிலிருந்து ஒரு நம்பரைப் போனில் சொல்ல வேண்டும். அந்த நம்பர் வந்தால்தான் அங்கே வண்டி கிளம்பச் சிக்னல் விழும். இரண்டு பேரும் அதை நோட்டில் எழுத வேண்டும். நம்பர் சொன்னால் கேட் மூடியாச்சு என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் வந்து பார்ப்பதில்லை.

"ஆனா மூடிட்டுச் சொன்னா வண்டி வார வரைக்கும் இருவது நிமிசம் ரோட்ட அடைச்சு வைக்கணும். வண்டிக்காரன், பஸ்காரன், அம்புட்டுப் பேரும் என் ஆத்தாளத் திட்டுவான். அதனால நம்பர மொதல்ல சொல்லிருவோம். விசில் கேட்ட பொறவு கேட்டப் போடுவோம். நான் மட்டுமில்ல, எல்லா கேட்லயும் இதான்."

"காத்து அந்தப் பக்கமா அடிச்சா விசில் கேக்காதே, அத்தான்?"

"எனக்குத் தண்டவாளம் சொல்லும்" என்று காலைத் தட்டிக் காட்டினார்.

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. கேட்டதை அப்படியே எழுதியும் வைத்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது பயமோ கவலையோ கொஞ்சமும் வரவில்லை. நல்ல கொலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான். எழுதலாமா என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டேன்.

"ராணி காலத்துலதான நடக்கு? எழுது, எழுது."

ராணி காலத்தில் கேட்டுக்குப் போன் ஏது? போனுக்குப் பதில் மணி வைத்தேன். ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தால் கேட்மேன் கேட்டை மூடிவிட்டுத் திருப்பி மணி அடிக்க வேண்டும். என் கேட்மேன் மூடுவதற்கு முன்பே அடித்துவிடுவான். அப்படி ஒரு மணி அந்தக் காலத்தில் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பருத்தி ஏஜெண்டின் வில்வண்டி, பலத்த காற்றடிக்கிற ஒரு நாளில், திறந்த கேட்டில் ரயிலில் அடிபடுகிறது. விபத்து என்று வெள்ளைக்கார அதிகாரி ஃபைலை மூடுகிறார். என் துப்பறிவாளர் தலைப்பாகை கட்டிய ரயில்வே போலீஸ்காரர். ஸ்டேஷன் நோட்டையும் காற்றடித்த திசையையும் வைத்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார். ஏழாம் அத்தியாயத்தில் அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வரும். அதில் உண்மை முழுவதும் இருக்கும். அவர் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுவார். 'பெயர் போடப் பயப்படுகிறவன் சாட்சி இல்லை' என்பார். அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தேன். அம்புட்டுத் திருப்தி.

நாவல் வந்ததும் அத்தான் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய பிரதிகளையெல்லாம் வாங்கி, கேட்மேன், கலாசி, ஸ்டேஷன் போர்ட்டர் எல்லோருக்கும் கொடுத்தார். "இதுல வார கேட்மேன் நான்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தக் கேட்மேன் கடைசியில் விலங்கு மாட்டப்பட்டுப் போகிறான். அதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. மற்ற கேட்மேன்களும் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கும் காற்று அந்த மாதம் எங்கள் பக்கம் ஆளைத் தள்ளும். ஒரு வியாழக்கிழமை காலை நான் போன பாசஞ்சர் ராஜபாளையத்தில் என்னை இறக்கிவிட்டுப் போனது. அதற்குப் பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு கூட்ஸ், அத்தானின் கேட்டில் ஓர் எரு வண்டியை அடித்தது. இரண்டு மாடும் அந்த இடத்திலேயே போயிற்று. வண்டிக்காரர் மம்சாபுரத்துக்காரர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. உயிர் பிழைத்தார்.

எனக்கு மத்தியானம் கம்பெனிக்குச் சேதி வந்தது. டைப்ரைட்டரில் பாதிக் கடிதம் இருந்தது. கேட்ட நிமிஷமே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தியாயம் அத்தியாயமாகத் தெரிந்தது. நான்தானே எழுதினேன்.

அத்தான் ரயில்வேயில் வேறு விதமாகச் சொன்னார். கேட் போட்டுத்தான் இருந்தது, நம்பர் கொடுத்த நேரம் நோட்டில் இருக்கிறது, வண்டிக்காரன்தான் பூட்டை உடைத்து, கம்பத்தைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தான் என்று. நோட்டைப் பார்த்தார்கள். நம்பர் இருந்தது. ஸ்டேஷன் நோட்டிலும் அதே நம்பர், அதே நேரம். அத்தானை சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்தார்கள். ஆனால் நோட்டு அவர் பக்கம் இருந்ததால் பிழைத்துவிடுவார் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு இல்லை, நாவலில் இருந்த ஆண் பெயருக்கு. பதிப்பாளரிடம் முகவரி வாங்கியிருக்கிறார்கள். ரயில்வே விசாரணை அதிகாரி ஒருவர் மதுரையிலிருந்து வருகிறார், குறிப்பிட்ட நாளில் ஸ்டேஷனுக்கு வந்து சந்திக்கவும் என்று இருந்தது. யாரோ என் நாவலை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கொடுத்தது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தானோடு எப்போதும் முறைத்துக்கொண்டிருந்த ஒரு போர்ட்டர். ஏழு வருஷம் அந்த மனுஷனைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசித்துச் சொன்னதும் சுளகைக் கீழே வைத்தாள்.

"நீ எழுதுனதால வந்தது. நீயே போயி இல்லன்னு சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"சும்மா மனசுல தோணுச்சு, எழுதுனேன்னு சொல்லேன். கதை எழுதுறவளுக்கு இதக்கூடச் சொல்லித் தரணுமாட்டி? இவியளுக்கு வேல போச்சுன்னா நாளைக்கே இந்த வீட்ட விடணும். புள்ளைகளக் கூட்டிட்டு நான் எங்க போக?"

அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "ஒனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு" என்றார். அவர் கெஞ்சியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபப்படவாவது முடிந்திருக்கும். என்னிடம் ஒரு பொய்யைக் கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை, அதுதான் என்னைக் கொன்றது.

ஸ்டேஷனில் மாஸ்டர் அறைக்குப் பின்னால் ஓர் அறை. அதிகாரி வயதானவர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். ஓர் ஆம்பிளையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீங்களா எழுதினது?"

"ஆமா சார்."

மேஜை மேல் என் நாவல் கிடந்தது. அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்திருந்தது. பென்சிலால் கோடு போட்ட ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பினார். மணி அடிக்கிற பக்கம்.

"இந்தப் பழக்கத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். கற்பனை."

"கேட்டை மூடாமலே மூடியாச்சுன்னு சொல்றது. ரயில்வேயில இல்லாத ஆளுக்கு இது தோணாதேம்மா."

"கொலை எப்படிப் பண்ணலாம்னு யோசிச்சேன். தோணிச்சு."

"ரயில்வேயில உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் உண்டா?"

அந்த நேரம் ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே வந்து அதிகாரிக்கு டீ வைத்துக்கொண்டிருந்தார். அக்கா கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். நான் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

"இல்ல சார்" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். என் சொந்தப் பெயரில் போட்டேன். அதுவரை நான் எழுதிய எதிலும் என் பெயர் இருந்ததில்லை. முதன்முதலாக என் பெயர் போட்டு நான் எழுதிக் கொடுத்தது அந்தப் பொய்தான். கிளம்பும்போது, "கதை நல்லா இருந்துதும்மா, முடிவு தெரியாமப் படிச்சேன்" என்றார். பாராட்டு என்று அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் என்னை நம்பவில்லை என்றும் தோன்றியது.

அத்தான் வேலைக்குத் திரும்பினார். வண்டிக்காரர்மேல் கேஸ் போட்டார்கள், மூடிய கேட்டை அத்துமீறித் திறந்து நுழைந்ததாக. அதற்குப் பிறகு அத்தான் கேட்டைப் பூட்டாமல் நம்பர் சொன்னதே இல்லை என்று அக்கா சொல்வாள். ஆட்கள் திட்டினால் திட்டட்டும் என்று நிற்பாராம். என்னைப் பார்த்தால் மட்டும் நின்று பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியை அக்காவின் மூத்த பிள்ளை கொண்டுபோக ஆரம்பித்தது. நானும் மெட்ராஸுக்கு எழுதுவதை நிறுத்தினேன். கொலை யோசித்தால் எரு வாடை வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கல்யாணம் மம்சாபுரத்தில் நடந்தது. சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றேன். வெயில். நிழலுக்காகப் பக்கத்திலிருந்த ஒரு பெட்டிக்கடையின் தட்டிப் பந்தலுக்குள் ஒதுங்கினேன். வாழைப்பழத் தார், பீடிக்கட்டு, மேலே கொடி கட்டிக் கிளிப் போட்டுப் பழைய மாத நாவல்கள். வாடகைக்கு. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கக்கத்தில் வைத்து ஊன்றுகிற கட்டை சாய்த்து வைத்திருந்தது. காலைப் பார்த்தேன். பிறகு கொடியைப் பார்த்தேன். வரிசையில் கடைசியாக, நூல் போட்டுத் தைத்த அட்டையோடு என் நாவல்.

ஓடியிருக்கலாம். பஸ் வரவில்லை.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவரே எடுத்து நீட்டினார். "படிங்க. ராணி காலத்து ரயிலு. எழுதுனா இப்டி எழுதணும்" என்றார்.

"நீங்க படிச்சீங்களா?"

"நானா? ஆஸ்பத்திரியில கால எடுத்துட்டுக் கெடந்தப்ப பக்கத்துப் பெட்டுக்காரரு வச்சிருந்தாவ. நாலு மட்டம் படிச்சேன். எனக்கு நடந்தது அப்டியே அதுல இருக்கு. கேட்மேன் போன்ல நம்பரச் சொன்னத நான் இந்தக் காதால கேட்டேன். சொன்ன பொறவும் கேட்டு தொறந்துதான் கெடந்துச்சு, நாங்க நாலு வண்டி போயிட்டிருக்கோம். அதத்தான் இதுல மணின்னு வச்சிருக்காவ."

நான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்.

"இத நாந்தான் ரயில்வே ஆபீசர்கிட்ட கொண்டுபோயிக் குடுத்தேன். எழுதுனவியளக் கூப்புட்டுக் கேளுங்கன்னு சொன்னேன். கேட்டாவளாம். சும்மா கற்பனைதான்னு எழுதிக் குடுத்துட்டாவளாம். கேசு முடிஞ்ச பொறவு புஸ்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டாவ."

ஏழு வருஷம் அந்தப் போர்ட்டரை வெறுத்தது நினைவுக்கு வந்தது. புத்தகத்தைக் கொடுத்தவருக்குக் காட்டிக்கொடுக்கும் எண்ணமே இல்லை. நான் உண்மை சொல்வேன் என்று நம்பியிருந்திருக்கிறார்.

"இப்பவும் ஊருக்குள்ள என்னய 'கேட்ட ஒடச்சவன்'னுதான் சொல்லுதாவ. மகளுக்கு மாப்பிள பாக்க வந்தவியகூட அதத்தான் கேட்டாவ. காலு போச்சு, மாடு போச்சு, சரி. நான் ஒடைக்கல்லன்னு ஒரு காகிதம் எவராவது எழுதிக் குடுத்தாப் போதும். செவத்துல மாட்டி வச்சிருவேன்."

புத்தகத்தை வாடகைக்கு எடுத்தேன். வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்தேன். கோடு போட்டிருந்தது மணி அடிக்கிற பக்கத்தில் மட்டும் இல்லை. காற்றின் திசையைச் சொல்கிற பக்கத்தில், துப்பறிவாளர் கேட்மேனிடம் கடைசியாகப் பேசுகிற பக்கத்தில், எல்லாம் கோடு. ஒரு வழக்குக்குத் தயார் செய்கிற மாதிரி படித்திருக்கிறார். நான் எழுதியதை யாரும் அவ்வளவு நம்பிப் படித்ததில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுக்கப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

"எப்டி இருந்துச்சு?"

"நீங்க சொன்னது சரி. இது கற்பனை இல்ல."

அவர் கட்டையை ஊன்றி எழுந்துவிட்டார். "ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"எங்க வீட்ல ரயில்வே ஆள் உண்டு. எல்லா கேட்லயும் அப்பிடித்தான் நடக்கும்னு சொல்லிருக்காங்க."

அவ்வளவுதான் வந்தது. அந்த ஆள் யார் என்று சொல்லவில்லை. அத்தானுக்கு ரிட்டயர் ஆக அப்போது இரண்டு வருஷம் இருந்தது.

"அப்ப அத எழுதிக் குடுப்பீயளா? பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு?" கடைக்குள் கையை விட்டு, பிள்ளைகளுக்கு விற்கிற கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பேனாவையும் வைத்தார். "செத்த நேரந்தான் ஆகும்."

பஸ் வந்தது. "அடுத்த வாரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தபோது தாள் காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. மம்சாபுரம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் காய்ச்சல் என்றேன். அத்தான் ரிட்டயர் ஆனார், பிறகு செத்தும் போனார். இனி அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அக்கா இருக்கிறாள், அவர் பென்ஷனில் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆகுமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால், ஒன்றும் ஆகாது என்று அவர்கள் சொல்லிவிடக்கூடும்.

அதனால் இப்போதுதான் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், நடந்தது நடந்தபடி. கேட் திறந்திருந்தது. வண்டிக்காரர் அதை உடைக்கவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான். திருப்பி வாசித்துப் பார்த்தேன். இதில் அவர் பெயர் இல்லை, அத்தான் பெயர் இல்லை, கேட் நம்பர் இல்லை, கீழே என் கையெழுத்து இல்லை. என் துப்பறிவாளர் கையில் கிடைத்தால் ஒருமுறை வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்.